மடி போதாத இடம்: காரில் குழந்தையை உட்காரவைப்பது எப்படி?

பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் காட்சி நம் எல்லோருக்கும் பழக்கமானது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய புடவைத் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். பாட்டி முதலில் காரின் பின்சீட்டில் ஏறி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் நீட்டுகிறார். குழந்தை மடிக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. பிறந்து மூன்று நான்கு நாளேயான உயிரின் முதல் கார்ப் பயணம் இப்படித்தான் தொடங்குகிறது.

அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச வரவில்லை. குளிரிலிருந்து, கொசுவிலிருந்து, தவறி விழுவதிலிருந்து, தெருநாயிடமிருந்து என்று குழந்தைக்கு வரக்கூடிய எத்தனையோ ஆபத்துகளிலிருந்து மடி அதைக் காத்திருக்கிறது. ஆனால் அந்த ஆபத்துகள் எல்லாம் மனிதர் நடக்கும் வேகத்தில், அதிகம் போனால் ஓடும் வேகத்தில் வருபவை. கார் விபத்து அப்படிப்பட்டது அல்ல.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் சாதாரணமாகப் போகும் வேகம்தான். யாரும் அதைக் கண்மூடித்தனமான ஓட்டம் என்று சொல்லமாட்டார்கள். அந்த வேகத்தில் ஒரு மரத்திலோ நின்றுகொண்டிருக்கும் லாரியிலோ கார் மோதினால், உள்ளே இருப்பவருக்கு அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடி பால்கனி என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், புவியீர்ப்பைப்போல 20 மடங்கு விசை உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் வந்து இறங்குகிறது. பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்கும் பிடி வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் எட்டு! அதுவும் பத்தில் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில். எந்தப் பாட்டியாலும், எந்தத் தகப்பனாலும், எந்தப் பயில்வானாலும் முடியாது. பிடி தளர்ந்ததற்கு அன்பு குறைந்தது காரணம் ஆகாது. மனிதக் கைக்கு அந்தப் பலமே கிடையாது.

மடியில் வைத்திருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்றால் நிலைமை இன்னும் கொடியது. அறுபது கிலோ எடையுள்ள அவருடைய உடலும் முன்சீட்டை நோக்கிப் பாய்கிறது. நடுவில் மாட்டுவது குழந்தை. பெல்ட் போட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சிலர் குழந்தையையும் சேர்த்துச் சுற்றி ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதே விளைவைத்தான் தரும்: பெரியவரின் முழு எடையும் குழந்தையை அந்தப் பெல்ட்டோடு அழுத்தி நெரிக்கும்.

மடியை நம்புவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளுக்குக் கார் சீட் (காரின் இருக்கையில் பொருத்தி, குழந்தையைப் பட்டைகளால் கட்டி உட்காரவைக்கும் தனி இருக்கை) கட்டாயம் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் போராடியதன் பலனாக 1977-ல் நிறைவேறிய அந்தச் சட்டம், 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டமன்றத்தில் ஒரு விதிவிலக்கைச் செருகிவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் போதும், சீட் தேவையில்லை. சாண்டர்ஸ் அதற்கு வைத்த பெயர் ‘குழந்தையை நசுக்கும் திருத்தம்’. அதை நீக்கவைக்க அவருக்கு 1981 வரை ஆனது. 1985-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. ஒரு சட்டம் இயற்றுவதைவிட, தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் உண்டு என்று மக்களை ஏற்கவைப்பது கடினமாக இருந்திருக்கிறது. நாம் இப்போது நிற்பது அந்த இடத்தில்.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட் அல்லது குழந்தைப் பாதுகாப்பு இருக்கை இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. என் மனக்குறை அந்த ‘அல்லது’ என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டாலே சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிட்டது என்று வாதிட முடியும். அந்தப் பெல்ட் குழந்தையின் கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும் இடத்தில் கிடக்கும் என்பதைச் சட்டம் பேசவில்லை. வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற சீட் எது என்று பெற்றோர்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கார் வாங்கும்போது இப்போது எல்லோரும் நட்சத்திரம் கேட்கிறார்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும், 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனியே 49 மதிப்பெண்கள் உண்டு. பதினெட்டு மாதக் குழந்தை, மூன்று வயதுக் குழந்தை ஆகியோரின் அளவில் செய்யப்பட்ட பொம்மைகளைக் காரில் வைத்து மோதிப்பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்தப் பொம்மைகள் யார் மடியிலும் உட்காருவதில்லை. முறையாகப் பொருத்திய குழந்தை சீட்டில்தான் உட்காருகின்றன. ஐந்து நட்சத்திரக் காரின் பின்சீட்டில் மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்த நட்சத்திரங்களில் எதுவும் சொந்தம் இல்லை. ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி சீட்டைப் பற்றி. இதில் விதிகள் பல. ஆனால் அவை அத்தனையும் குழந்தையின் உடலமைப்பிலிருந்து வருபவை. அதைப் புரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால்பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான். அத்தனை கனமான தலையைத் தாங்கும் கழுத்து எலும்புகள் முழுதாக இறுகியிருப்பதில்லை. இடையிடையே குருத்தெலும்பாகவே இருக்கும், இணைக்கும் தசைநார்களும் தளர்வானவை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மார்பைப் பட்டை பிடித்துக்கொள்கிறது. தலையை எதுவும் பிடிப்பதில்லை. மோதலில் தலை முன்னே பறக்க, அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழுகிறது. தண்டுவடம் அதைத் தாங்காது. அதே குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால், தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாக சீட்டின் முதுகுப்பலகையில் அழுந்தும். விசை ஓரிடத்தில் குவியாமல் முதுகு முழுவதும் பரவிவிடும்.

இதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஸ்வீடனின் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன். அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு முழுவதும் படியும்படி சாய்ந்து அமரும் இருக்கைகள் 1960-களில் அவருக்கு யோசனை தந்தன. புறப்படும்போது உடலை அழுத்தும் விசையை முதுகு வாங்கிக்கொள்கிறது; குழந்தைக்கும் அப்படியே செய்தால் என்ன? 1964-ல் அவருடைய மாதிரி இருக்கை வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. அதற்கு முன்பும் குழந்தை இருக்கைகள் விற்பனையில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை குழந்தை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கவும், ஓட்டும் அப்பாவைத் தொந்தரவு செய்யாமல் ஓரிடத்தில் இருக்கவும் செய்யப்பட்டவை. உயிர் காக்க என்றே செய்த முதல் இருக்கைகளில் ஒன்று ஆல்ட்மனுடையது.

எத்தனை காலம் பின்னோக்கி? குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் புதிய ஒழுங்குவிதி 129 குறைந்தது 15 மாதம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2018-ல், வயதைச் சொல்வதையே விட்டுவிட்டு, அந்த சீட் தாங்கும் எடைக்கும் உயரத்துக்கும் உள்ளே இருக்கும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்றது. ஸ்வீடனில் நான்கு வயதுவரை அப்படி வைப்பது வழக்கம். நம் ஊரில் குழந்தைக்கு ஒரு வயது ஆனதுமே ‘வேடிக்கை பார்க்கட்டும்’ என்று முன்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். முடிந்தவரை தள்ளிப்போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். கால் மடங்கி இடிக்கிறதே என்று கேட்பார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடும் குழந்தைக்குக் கால் மடங்குவது ஒரு துன்பமே இல்லை. முகம் தெரியவில்லையே என்றால், பாட்டியோ அம்மாவோ பக்கத்தில் பின்சீட்டில் உட்காரலாம். மடியில் வைக்க முடியாவிட்டாலும் விரலைப் பிடித்துக்கொள்ளலாம்.

பின்னோக்கிய சீட்டை முன்சீட்டில், இயங்கும் ஏர்பேக்குக்கு எதிரில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் கண்ணிமைப்பதற்குள், மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெடித்து விரிகிறது. பின்னோக்கிய சீட்டின் முதுகுப்பலகை டேஷ்போர்டுக்குச் சில அங்குல தூரத்தில் இருக்கும். அதன் மறுபக்கம் குழந்தையின் தலை. சிறு மோதலில்கூட ஏர்பேக்கே உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் பயணியின் பக்கத்துச் சூரியத்தடுப்பில் படம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுவரை பின்சீட்டே பிள்ளைகளின் இடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஐரோப்பிய ஒழுங்குவிதி 44 அல்லது 129-ன்படி சோதிக்கப்பட்ட சீட்டில், வட்டத்துக்குள் பெரிய ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். 44-ன்படி வந்தவை எடைக்கணக்கில் பிரிக்கப்பட்டவை: 13 கிலோ வரை, 9 முதல் 18 கிலோ வரை, 15 முதல் 36 கிலோ வரை என்பதுபோல. 129-ன்படி வந்தவை சென்டிமீட்டரில் உயரம் சொல்லும். இந்தியாவுக்கென்று ஏஐஎஸ்-072 தரம் இருக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாமல், கைப்பிடி வைத்து மெத்தை போட்ட கூடைகளைக் கார் சீட் என்ற பெயரில் விற்கிறார்கள். பெல்ட் நுழையும் வழியே இல்லாத கூடை, மோதலில் குழந்தையோடு சேர்ந்து பறக்கும்.

உறவினர் வீட்டிலிருந்து வந்த பழைய சீட்டை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. தொட்டிலும் சட்டையும் நம் வீடுகளில் அப்படித்தான் கைமாறுகின்றன. ஆனால் அது விபத்தில் சிக்கியதா என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும். பிளாஸ்டிக்கும் வெயிலில் நொய்ந்துபோகும். பல நிறுவனங்கள் சீட்டின் அடியில் பயன்பாட்டுக் காலத்தை அச்சிடுகின்றன. யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்றே தெரியாத சீட்டை இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்.

சீட் வாங்கியவர்களிலேயே பாதிப் பேர் தவறாகப் பொருத்துகிறார்கள் என்பது என்னை மிகவும் உறுத்தும் செய்தி. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் நேரில் ஆய்வு செய்தபோது 46 சதவீத சீட்டுகளில் பாதுகாப்பைக் குறைக்கும் பிழைகள் இருந்தன. சரியாகப் பயன்படுத்தினால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண ஆபத்து 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 54 சதவீதமும் குறையும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கி, இடத்தை அடைத்து, குழந்தையின் அழுகையையும் சகித்துக்கொண்டு, கடைசியில் ஒரு தளர்ந்த பெல்ட்டால் அந்தப் பலன் கைநழுவக் கூடாது.

பொருத்துவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, காரின் சொந்த சீட் பெல்ட். சீட்டின் உடலில் பெல்ட் போகவேண்டிய வழியை நிறத்தால் காட்டியிருப்பார்கள்: பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்க சிவப்பு. இரண்டையும் மாற்றிப்போடுவது சகஜமான பிழை. பெல்ட்டில் முறுக்கு இருக்கக் கூடாது. முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். இன்னொன்று ஐசோஃபிக்ஸ். பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். குழந்தை சீட்டின் கொக்கிகள் அவற்றில் ‘கிளிக்’ என்று மாட்டும். அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. சீட் முன்புறம் கவிழாமலிருக்க மூன்றாவது பிடிமானம் வேண்டும்: உச்சியிலிருந்து பின்னால் போகும் பட்டை, அல்லது காரின் தரையில் ஊன்றும் கால். அந்தப் பட்டையை மறந்து சுருட்டி வைத்துவிடுவதும், டிக்கியில் பை மாட்டும் கொக்கியில் மாட்டிவிடுவதும் நடக்கிறது. சரியான வளையம் எங்கே என்று காரின் கையேடு சொல்லும். ஐசோஃபிக்ஸும் பெல்ட்டும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். கையேடு அனுமதித்தால் மட்டுமே அப்படிச் செய்யலாம்.

நம் ஊர்க் கார்களுக்கே உரிய ஒரு தடை, மேலே போடும் சீட் கவர். புதுக் கார் வந்ததும் கவர் போடாமல் நமக்கு மனம் ஆறாது. அந்த வழவழப்பான ரெக்சின் மேல் குழந்தை சீட் வழுக்கும். ஐசோஃபிக்ஸ் வளையங்களும் அதன் அடியில் மறைந்துபோகும். குழந்தை சீட் வைக்கும் இடத்திலாவது கவரைக் கழற்றிவிடுங்கள். பொருத்தி முடித்ததும், பெல்ட் நுழையும் இடத்தில் கையால் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டிப்பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் மறுபடி இறுக்குங்கள். எந்த இருக்கை என்றால், சீட்டை உறுதியாகப் பொருத்த முடிகிற எதுவும் சரி. நடு இருக்கை பக்கவாட்டு மோதலிலிருந்து தள்ளி இருப்பதால் நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் அங்கே ஐசோஃபிக்ஸ் இருக்காது. அப்படியானால் இடதுபுறம் வையுங்கள். குழந்தையை ஏற்றி இறக்கும்போது நீங்கள் நடைபாதைப் பக்கம் நிற்கலாம்.

சீட் அசையாமல் நின்றுவிட்டால் அடுத்தது குழந்தையின் மேல் வரும் பட்டைகள். பின்னோக்கிய சீட்டில் தோள்பட்டைகள் குழந்தையின் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. இறுக்கிய பின் தோளருகே பட்டையை இரு விரலால் கிள்ளிப்பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்வு இருக்கிறது. குழந்தைக்கு வலிக்குமோ என்று தளர்த்தி விடுவதுதான் தாய்மார்கள் செய்யும் பிழை. மனம் புரிகிறது, ஆனால் அந்தத் தளர்வில்தான் குழந்தை வெளியே வழுவும்.

உடையும் இங்கே முக்கியம். ஒரு பட்டை கால்களுக்கு நடுவே வர வேண்டும் என்பதால், துணியில் சுற்றிய குழந்தையைக் கட்ட முடியாது. கை கால்களை வெளியே விட்டு, கட்டி முடித்த பிறகு மேலே துணியைப் போர்த்துங்கள். கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப்பாவாடை கட்டிய பெண் குழந்தைக்கும் இதே சிக்கல். பருத்தி உடையில் அழைத்துப்போய் மண்டபத்தில் பாவாடை கட்டிவிடுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது போடும் தடித்த ஸ்வெட்டரும் ஆகாது. பட்டைக்கும் உடலுக்கும் நடுவில் அது மெத்தைபோல நின்று, மோதலில் அமுங்கித் தளர்வாகிவிடும்.

பிறந்த குழந்தைக்கு மூச்சு முதல் கவலை. சீட் மிகவும் நிமிர்ந்திருந்தால் தலை கவிழ்ந்து தாடை மார்பில் இடித்து மூச்சுக்குழல் மடங்கும். ஏறத்தாழ 45 பாகை சாய்வு வேண்டும். பல சீட்டுகளில் அதைக் காட்டும் குறி இருக்கிறது. முதல் சில வாரங்களில் அரைமணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, வெளியே எடுத்துக் கிடத்துங்கள். வளர்ந்த குழந்தைக்கும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போக ஒருமணிநேரம் கூடுதலாக ஆகட்டுமே. வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை தூங்குகிறதே என்று அந்த சீட்டிலேயே விட்டுவைக்கவும் கூடாது.

வெயிலை நம் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. சித்திரை மாதத்து வெயிலில் நிறுத்திய காரில் பட்டையின் இரும்பு நாக்கு தொடை சுடும் அளவுக்குக் காயும். நிறுத்தும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டுவையுங்கள். குழந்தையை வைக்கும் முன் இரும்பைத் தொட்டுப்பாருங்கள். குழந்தைக்கு அடியில் துண்டோ கூடுதல் மெத்தையோ விரிக்க வேண்டாம்.

அழுகைதான் உண்மையான சோதனை. பத்து நிமிடம் அழுதால் வீட்டுப் பெரியவர்கள், ‘பாவம், எடுத்துவிடு’ என்பார்கள். அந்த நேரத்தில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, எடுத்துப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, மறுபடி கட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஓடும் வண்டியில் எடுக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே சீட்டில் வந்த குழந்தைக்கு அது பழகிவிடும். இரண்டு வயதில் திடீரென்று கட்டினால்தான் போர்க்களம் ஆகிறது.

ஐந்து பட்டை சீட்டின் எடை அல்லது உயரத்தைத் தாண்டியதும் நேரே பெரியவர்களின் பெல்ட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் பூஸ்டர் சீட் என்ற ஒரு கட்டம் உண்டு. சிறு பிள்ளைகளின் இடுப்பெலும்பு விளிம்பு இன்னும் வளர்ந்திருக்காததால் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தாது. பெல்ட் வழுக்கி வயிற்றின் மேல் ஏறும். மோதலில் குடலும் ஈரலும் முதுகெலும்பும் பாதிக்கப்படும். பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி, பெல்ட் தொடையின் மேல்பகுதியில் இடுப்போடு படியவும், தோள்பட்டை கழுத்தை விட்டுத் தோளின் நடுவில் போகவும் செய்கிறது. உயரம் 145 சென்டிமீட்டரைத் தாண்டும்வரை இது தேவை. நம் பிள்ளைகள் பலருக்கு 11, 12 வயது ஆகும். உறுத்துகிறது என்று பெல்ட்டை அக்குளுக்குக் கீழோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

கார் இல்லாத குடும்பங்களே நம்மிடம் அதிகம். இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டை, குழந்தைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம். அதைப் பற்றித் தனியே விரிவாக எழுத வேண்டும்.

வாடகைக் காரை நம்பி இருப்பவர்கள், ஐசோஃபிக்ஸ் இல்லாமல் சீட் பெல்ட்டிலேயே பொருத்தக்கூடிய எடை குறைந்த சீட்டாக வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டிலேயே இரண்டு மூன்று முறை பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. வாடகைக் கார்களில் பின்சீட் பெல்ட்டின் பூட்டு பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். யாரும் போடுவதில்லை என்பதால் அப்படியே மூடித் தைத்துவிட்டிருப்பார்கள். முன்பதிவு செய்ததும் ஓட்டுநரை அழைத்து, ‘அண்ணா, கைக்குழந்தை வருகிறது, பின்சீட் பெல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். குழந்தை என்று கேட்டதும் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. கவரைத் தூக்கிக் கைவிட்டுத் துழாவி எடுத்துத் தருகிறார்கள்.